அழியா ஏடும் அறமும்

மனிதன் எழுதக் கற்ற வரலாற்றை ஆராய்ந்தோர் வியப்பான ஓர் உண்மையைக் கூறுவர். இன்றைய ஈராக்கில் இருந்த உருக் என்னும் பழம்பெரும் நகரில், 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு களிமண் பலகைகளில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய எழுத்துகளுள் பெரும்பாலானவை கணக்குகளே. இத்தனை அளவை வாற்கோதுமை, இத்தனை ஆடு என்று குறித்து வைப்பதற்காகவே மனிதன் முதலில் எழுத்தை நாடினான். கவிதையும் வரலாறும் பின்னர் வந்தன. நினைவை மட்டும் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்ய இயலாதபோது ஏடு பிறந்தது. அந்த ஏட்டுடன் ஒரு கேள்வியும் உடன்பிறந்தது. ஏட்டை வைத்திருப்பவனை எப்படி நம்புவது?

இக்கேள்விக்கு நம் காலம் கண்ட விடைகளுள் ஒன்று 'பிளாக்செயின்' என்னும் தொழில்நுட்பம். இக்கட்டுரையில் அதனைத் 'தொடரேடு' என்று வழங்குவோம். அது தோன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அரசுகளும் வங்கிகளும் பெருநிறுவனங்களும் அதில் பெரும்பொருள் செலவிட்டுள்ளன. ஆயினும் மின்னஞ்சலைப் போலவோ கைப்பேசியைப் போலவோ அது மக்களின் அன்றாட வாழ்வில் கலந்துவிடவில்லை. இதற்குப் பொறியியலார் கூறும் காரணங்கள் பல. அவற்றுக்கெல்லாம் அடியில் அறவியல் சார்ந்த தடை ஒன்று உள்ளது என்பது என் கருத்து. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரேடு என்பது யாது?

ஒரு வகுப்பில் கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்று கொள்வோம். வழக்கமாக ஒரு மாணவனைப் பொருளாளன் ஆக்கி, அவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்போம். அவன் எழுதியதே கணக்கு. இப்போது அம்முறையை மாற்றுவோம். வகுப்பிலுள்ள 40 மாணவர்களும் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். யார் பணம் கொடுத்தாலும் அதனை எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். 40 பேரும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நிறைந்ததும், அப்பக்கத்தில் உள்ள எழுத்துகள் அனைத்திலிருந்தும் கணித முறைப்படி ஒரு முத்திரை எண்ணைக் கண்டு, அதனை அடுத்த பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் முத்திரை எண் மாறிவிடும். அதன்பின் வரும் பக்கங்கள் யாவும் பொருந்தாமற்போகும். ஒருவன் தன் ஏட்டைத் திரித்தாலும் மற்ற 39 ஏடுகள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொடரேட்டின் சாரம் இவ்வளவே. முத்திரை எண்களைச் சங்கிலிபோல் கோத்து ஆவணங்களைக் காக்கும் வழியை 1991-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் எடுத்துரைத்தனர். அதனைப் பணத்திற்குப் பொருத்தி, சத்தோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் 9 பக்கக் கட்டுரை ஒன்று 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளியாயிற்று. 2009 ஜனவரி 3-இல் 'பிட்காயின்' ஏட்டின் முதற்பக்கம் உருவானது. வங்கி வேண்டா, நடுவர் வேண்டா, ஒருவரையும் நம்ப வேண்டா என்பதே அதன் அழைப்பு.

அவ்வழைப்பு பலரை ஈர்த்ததில் வியப்பில்லை. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்னர்தான் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் நொடித்து உலகையே ஆட்டியிருந்தது. நம் நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 'கூட்டு' என்று இங்கு வழங்கும் சீட்டுமுறை, அண்டை வீட்டாரின் நாணயத்தை மட்டுமே பிணையாகக் கொண்டு நடந்தது. மாதந்தோறும் பலர் பணம் போட, ஒருவர் எடுத்துக்கொள்வார். திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் அது கைகொடுத்தது. ஆயின் முன்னின்று நடத்துபவர் பணத்துடன் மறைந்தால் முறையிட ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. 1971-ஆம் ஆண்டில் மலேசியாவில் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. மனிதரை நம்பிக் கெட்டவர்களுக்கு, மனிதரை நம்பத் தேவையில்லாத ஓர் ஏடு எத்துணை ஆறுதலாக இருக்கும்!

கண்ணுக்குத் தெரியும் தடைகள்

இனி, பலரும் அறிந்த தடைகளைக் காண்போம். முதலாவது வேகம். பிட்காயின் ஏட்டில் ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒரு பக்கமே சேர்கிறது. அதனால் நொடிக்கு ஏறத்தாழ 7 பரிமாற்றங்களுக்கு மேல் பதிய இயலாது. ஒரு பெருநகரின் கடைத்தெருவுக்கே அது போதாது.

இரண்டாவது மின்சாரம். அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காக உலகெங்கும் கணினிகள் ஓயாமல் போட்டியிடுகின்றன. அப்போட்டிக்கு ஆகும் மின்சாரச் செலவு மிகப் பெரிது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில், திருட்டு மின்சாரத்தில் இயங்கியதால் பறிமுதலான 1,069 கணினிப் பொறிகளைக் காவல்துறையினர் சாலை உருளையை ஏற்றி நசுக்கிய காட்சியை உலகம் கண்டது. எவரையும் ஏமாற்ற விடாத ஏட்டைக் காப்பதற்காகவே ஊராரின் மின்சாரம் திருடப்பட்ட முரணை என்னென்பது!

மூன்றாவது ஒத்துழைப்பின்மை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் 2018-இல் 'டிரேட்லென்ஸ்' என்னும் சரக்குத் தொடரேட்டைத் தொடங்கின. உலகளாவிய ஒத்துழைப்பு கிட்டவில்லை என்று கூறி 2022 நவம்பரில் அதனை மூடுவதாக அறிவித்தன. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை தன் பழைய கணினி முறைக்கு மாற்றாகத் தொடரேட்டை அமைக்க 2017-இல் முடிவு செய்து, பலமுறை தள்ளிப்போட்டு, அதே 2022 நவம்பரில் கைவிட்டது. அதனால் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 25 கோடி ஆஸ்திரேலிய வெள்ளி. எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டமுறைப் பணமாக அறிவித்தது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டத்தைத் திருத்தி, ஏற்பதும் மறுப்பதும் வணிகர் விருப்பம் என்று தளர்த்திவிட்டது.

இவற்றுள் சில தடைகளை அறிவியல் கடந்துவிடும். சிலவற்றைக் கடந்தும் விட்டது. எத்தீரியம் என்னும் மற்றொரு தொடரேடு 2022 செப்டம்பரில் தன் போட்டி முறையை மாற்றி, மின்சாரச் செலவை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துக்கொண்டது. எனவே வேகமும் மின்சாரமும் இறுதித் தடைகள் ஆகா. பொறியியலால் தீராத தடைகள் எவை என்பதே நம் கேள்வி.

எழுதியதெல்லாம் உண்மையாகுமா?

சிங்கப்பூரின் உயர்கல்வி நிலையங்கள் 2019-ஆம் ஆண்டில் 'ஓப்பன்செர்ட்ஸ்' என்னும் முறையின்வழி மின்சான்றிதழ்களை வழங்கத் தொடங்கின. சான்றிதழின் முத்திரை எண் தொடரேட்டில் பதியப்பட்டது. வேலை தருவோர் நொடியில் சரிபார்க்கலாம். போலிச் சான்றிதழ் உடனே சிக்கிவிடும். பாராட்டத்தக்க முயற்சி இது. ஆயினும் அம்முத்திரை எதற்குச் சான்று பகர்கிறது? சான்றிதழ் வழங்கப்பட்ட பின் எவரும் அதனைத் திருத்தவில்லை என்பதற்கு மட்டுமே. மதிப்பெண் நேர்மையாக இடப்பட்டதா, தேர்வு ஒழுங்காக நடந்ததா என்பதை அது அறியாது. ஓர் ஆசிரியர் அன்பினாலோ அச்சத்தினாலோ தகுதியற்ற விடைத்தாளுக்குத் தேர்ச்சி அளித்துவிட்டால், தொடரேடு அப்பொய்யையும் அழியாமல் காக்கும்.

எழுத்து மாறாதிருத்தல் வேறு. எழுதியது மெய்யாயிருத்தல் வேறு. முன்னதைக் கணிதம் காக்க முடியும். பின்னதைக் காப்பது எழுதுகோல் பிடித்த கையின் நேர்மை. ஆகவே தொடரேடு வந்தபின்னும் ஒரு மனிதரை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கை மறையவில்லை; இடம் மாறியது

தொடரேட்டில் ஒருவரின் உடைமைக்குரிய ஒரே சான்று ஒரு மறைச்சாவி, அதாவது எவருக்கும் சொல்லாமல் காக்க வேண்டிய ஒரு நீண்ட எண். அது தொலைந்தால் உடைமையும் தொலைந்தது. வங்கி அட்டை தொலைந்தால் கிளைக்குச் சென்று அடையாள அட்டையைக் காட்டுகிறோம். இங்கே செல்வதற்குக் கிளையும் இல்லை, செவிசாய்க்க அலுவலரும் இல்லை. முதியோரும் எளியோரும் இப்பொறுப்பைத் தனியே தாங்குவரோ?

தாங்க இயலாது என்பதை நிகழ்ச்சிகள் காட்டிவிட்டன. பலர் தம் சாவிகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி இடைத்தரகு நிறுவனங்களிடம் ஒப்படைத்தனர். தோக்கியோவில் இருந்த 'மவுண்ட் காக்ஸ்' நிறுவனம் 2014 பிப்ரவரியில் வீழ்ந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போயின என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,00,000 மட்டும் பின்னர்க் கிடைத்தன. 'எஃப்டிஎக்ஸ்' நிறுவனம் 2022 நவம்பரில் நொடித்தது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காக அதன் நிறுவனருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எவரையும் நம்ப வேண்டா என்று தொடங்கிய பயணம், முகமறியாத சிலரை முழுதும் நம்புவதில் முடிந்தது. கூட்டு நடத்தியவரின் வீடாவது நமக்குத் தெரிந்திருந்தது.

பிழை நேர்ந்தால்?

எல்லாத் தடைகளிலும் பெரிய தடைக்கு இப்போது வருகிறோம். 2016-ஆம் ஆண்டில் எத்தீரியம் தொடரேட்டில் 'தி டாவோ' என்னும் கூட்டு முதலீட்டு நிதி தொடங்கப்பட்டது. அதற்கு மேலாளர் இல்லை. கணினி நிரலில் எழுதப்பட்ட விதிகளே அதனை நடத்தின. நிரலே சட்டம் என்பது அதில் இணைந்தோரின் முழக்கம். ஏறத்தாழ 15 கோடி அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள ஈதர் நாணயங்கள் குவிந்தன. ஜூன் 17-ஆம் நாள், நிரலில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி எவரோ ஒருவர் அவற்றுள் 36 இலட்சம் நாணயங்களைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். நிரலின் அமைப்பால் அவை சில வாரங்களுக்கு வெளியேற முடியாமல் தேங்கி நின்றன.

என்ன செய்வது? நிரல் இடமளித்ததைத்தான் அவர் செய்தார். நிரலே சட்டம் என்றால் அது திருட்டு ஆகுமா? ஆகாது என்றனர் ஒரு சாரார். ஏட்டில் ஒருமுறை கைவைத்தால் அதன் உயிர்க்கொள்கையே அழியும். இன்று நல்லதற்காகத் திருத்துவோர் நாளை வலியவருக்காகத் திருத்துவர் என்றும் அவர்கள் எச்சரித்தனர். மற்றொரு சாராரோ, ஆயிரக்கணக்கானோர் ஏமாற்றப்பட்டதைக் கண்டும் விதியைக் காட்டி வாளாவிருத்தல் அறமாகாது என்றனர். 2016 ஜூலை 20-இல் பெரும்பான்மையினர் ஏட்டை மாற்றி எழுதிப் பணத்தை உரியவர்களுக்கு மீட்டளித்தனர். உடன்படாதோர் பழைய ஏட்டையே தொடர்ந்தனர். ஏடு இரண்டாகப் பிளந்தது. 'எத்தீரியம் கிளாசிக்' என்ற பெயரில் பழைய ஏடு தனியே நடக்கலாயிற்று.

மனித நடுவரே வேண்டா என்று அமைத்த ஏட்டிலும், அநீதி கண்முன் நின்றபோது மனிதர் கூடி நடுவராக அமர நேர்ந்தது என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். வேறுபாடு ஒன்றுதான். நீதிமன்றத்தில் நடுவர் யார், விதி யாது, மேல்முறையீடு எங்கே என்பன முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. அங்கே அவை எவையும் வகுக்கப்படவில்லை.

இதனுடன் நம் நாட்டின் நிலப் பதிவேட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவின் நிலச்சட்டம், 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய டொரன்ஸ் முறையைத் தழுவியது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்பது அதன் அடிப்படை. பினாங்கில் ஒருவரின் நிலத்தை, ஆள்மாறாட்டம் செய்து போலிக் கையொப்பத்தால் விற்றுவிட்டனர். உண்மையை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏறிய பெயரே நிலைக்கும் என்று 2000-ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட அறிஞர் பலர் அதனைக் கண்டித்தனர். 2010 ஜனவரியில், மற்றொரு வழக்கில், அதே நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பு தவறானது என்று வெளிப்படையாக அறிவித்தது. பினாங்கு உரிமையாளருக்கு அதனால் நிலம் திரும்பவில்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்தோர் காக்கப்பட்டனர். ஒன்பது ஆண்டுகள் தாமதமாயினும், பிழை பிழைதான் என்று சொல்ல ஒரு மன்றம் இருந்தது. சொல்லும் கடமையும் அதற்கு இருந்தது.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். திருத்தும் உரிமையே ஊழலின் வாயில் அன்றோ? பதிவேட்டைத் திருத்தக்கூடியவர் இருப்பதால்தானே கையூட்டும் மோசடியும் நிகழ்கின்றன? இம்மறுப்பு வலிமையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. அரசே ஆவணங்களை மாற்றிவிடும் நாடுகளில் வாழ்வோருக்கு, எவராலும் மாற்ற முடியாத ஏடு உயிர்காக்கும் கருவியாகவும் அமையலாம்.

ஆனால் திருத்தலும் அழித்தலும் ஒன்றல்ல. தாள் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பிழையின் மீது ஒரு கோடு இழுத்து, அடியிலிருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, சரியானதை அருகில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இச்சிறு வழக்கத்தில் பெரிய அறம் அடங்கியுள்ளது. நடந்த பிழை மறைக்கப்படவில்லை. அது நிலைக்கவும் விடப்படவில்லை. திருத்தியவர் இன்னார் என்பதும் தெரிகிறது. நாளை கேள்வி எழுந்தால் விடை சொல்ல ஓர் ஆள் உண்டு.

தொடரேட்டிலும் இதனைச் செய்யலாம். பழைய வரியை அழிக்காமல், அதனைத் திருத்தும் புதிய வரி ஒன்றைச் சேர்ப்பதற்குக் கணிதம் தடையன்று. அவ்வரியை எழுதும் அதிகாரம் யாருக்கு, எந்த விதியின்கீழ், யாருக்கு விடைசொல்லும் கடமையோடு என்பதே கேள்வி. இக்கேள்விக்கு நிரலில் விடையில்லை. எங்கே இதற்கு விடை தெளிவாக உள்ளதோ அங்கே தொடரேடு ஓரளவு வேரூன்றுகிறது. சான்றிதழ் வழங்கும் கல்லூரிக்குப் பெயரும் முகவரியும் உண்டு. எங்கே அக்கேள்வியே வேண்டா என்று தள்ளப்படுகிறதோ அங்கே மக்கள் தயங்கி நிற்கின்றனர். அத்தயக்கம் அறியாமையால் வந்தது என்று எள்ளுவோர் உளர். நான் அதனை அறிவின் அடையாளமாகவே கருதுகிறேன்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கொடைகளையும் ஊர்விதிகளையும் கோயிற்சுவரில், எல்லாரும் காணக் கல்லில் வெட்டினர். திருத்த முடியாத பொது ஏடு என்றால் அதனினும் சிறந்தது எது? ஆயினும் கல்லை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. முதற்பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரிக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கக் கூடாது என்பது அவற்றுள் ஒரு விதி. கல் எழுத்தைக் காத்தது. எழுத்துக்குப் பொறுப்பேற்க மனிதர் வேண்டும் என்பதை அக்கல்லிலேயே வெட்டிவைத்தனர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இக்கேள்வி நம் பள்ளிகளின் வாயிலுக்கும் வரக்கூடும். மாணவரின் கல்விப் பதிவுகளை அழியா ஏட்டில் ஏற்றலாம் என்னும் கருத்து உலகில் பேசப்படுகிறது. தேர்ச்சிச் சான்றிதழை ஏற்றலாம். அது காலமெல்லாம் அவனுக்குத் துணையாகும். பதின்மூன்று வயதில் அவன் செய்த குறும்பையும், தாய் நோயுற்ற ஆண்டில் அவன் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணையும் ஏற்றலாமா? நாற்பது வயதில் அவன் வேலை கேட்டு நிற்கும்போதும் அந்த வரி அங்கே நிற்க வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள தரவுக் காப்புச் சட்டம், குறிப்பிட்ட சூழல்களில் தம்மைப் பற்றிய பதிவுகளை நீக்கக் கோரும் உரிமையைத் தனிமனிதருக்கு அளிக்கிறது. அழியா ஏடு அவ்வுரிமையுடன் மோதுகிறது. ஆசிரியப் பணியை அறிந்தோர்க்கு இம்மோதலில் எப்பக்கம் நிற்பது என்பதில் ஐயம் இராது. மாணவன் மாறுவான் என்னும் நம்பிக்கையே கல்வியின் அடித்தளம். மாறியவனை ஏற்க மறுக்கும் ஏடு கல்விக்கு உரியதன்று.

ஆகவே, இளைஞர்கள் இத்தொழில்நுட்பத்தைக் கற்க வேண்டும். நன்றாகவே கற்க வேண்டும். இதன் கணிதம் அழகானது, பயனும் உள்ளது. அஞ்சி ஒதுங்குதல் அறிவுடைமை ஆகாது. ஆனால் இதனைக் கொண்டு எவரேனும் ஒரு திட்டத்தை முன்வைத்தால், எவ்வளவு விரைவானது, எவ்வளவு மலிவானது என்று கேட்பதோடு அமையாமல், வேறொன்றையும் கேட்கப் பழக வேண்டும். இவ்வேட்டில் பிழை நேர்ந்து ஓர் எளியவர் பாதிக்கப்பட்டால், அவர் யாரிடம் போய் முறையிடுவார்? அக்கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் விடையாக வரும் நாளில், தொடரேடு தடையின்றிப் பரவும். அதுவரை மக்கள் தயங்குவதே முறை.